ஆறு பத்துக்கு ஒரு வண்டி நிற்கும்

முதலில் வண்டி லேசாக வேகமெடுக்கும், பின்னாலிருந்து யாரோ துரத்துவது போல. பிறகு ஓர் இருமல். இன்னோர் இருமல். அப்புறம் சத்தமே இருக்காது.

தினமும் மாலை ஆறு பத்துக்கு என் பட்டறை வாசலில் இது நடக்கிறது. எட்டு மாதமாக. ஸ்பேனரைப் போட்டுவிட்டு வெளியே ஓடிப் போய்ப் பார்த்தால் தெரு வெறிச்சென்று கிடக்கும். எதிரே சலூன்காரர் யாருடைய முகத்திலோ நுரை தடவிக்கொண்டிருப்பார்.

"இப்ப ஒரு வண்டி வந்து நின்னுச்சே?" என்பேன்.

"உன் வாசல்ல நிக்கிற வண்டியெல்லாம் ரிப்பேருக்கு வந்தது. அதுங்க எங்கேருந்து ஓடி வந்து நிக்கும்?" என்பார்.

என் வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேலே. "அந்தக் காது ரெண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில ஊறப் போடுங்க. சரியாப் போயிடும்."

காதில் ஒரு கோளாறும் இல்லை. இருபத்தாறு வருஷமாக இந்தக் காதை நம்பித்தான் தொழில் செய்கிறேன். கிளம்புகிற சத்தத்தில் எல்லா வண்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிற்கிற சத்தத்தில்தான் ஆள் தெரியும். பேங்க் கேஷியர் வீட்டு வாசலில் இரண்டு தரம் முறுக்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். மாப்பிள்ளை வந்தாச்சு என்று மாமியாருக்குத் தெரியவேண்டுமாம். டியூஷன் வாத்தியார் கியரிலேயே கிளட்சைப் பட்டென்று விட்டு, வண்டியைக் குலுக்கித்தான் நிறுத்துவார். பையன்களையும் அவர் அப்படித்தான் அடக்குவார் என்று கேள்வி. ரொட்டிக் கடைக்காரர் இன்ஜினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுச் சாவியை மறந்துவிடுவார். மறுநாள் பேட்டரி படுத்திருக்கும். என் முன்னால் வந்து தலையைச் சொறிவார்.

வாசலில் நான் கேட்கும் சத்தம் இந்த வகை எதுவும் இல்லை. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இருக்கிற பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, வண்டியைத் தானாகச் சாகவிடும் சத்தம் அது. அப்படி நிறுத்துகிறவர் இந்த வட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார்.

எக்ஸ்ரே.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அதனால் ஊருக்கே அவர் எக்ஸ்ரேதான். அவருடைய வித்தை இதுதான். டேங்குக்குக் கீழே, இடது முழங்காலுக்குப் பக்கத்தில் பெட்ரோல் டேப்பின் சின்னக் கைப்பிடி இருக்கும். அதை மூடினாலும் வண்டி உடனே நிற்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் தீரும்வரை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடும். எக்ஸ்ரே வீடு திரும்பும்போது, ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே, தண்ணீர்த் தொட்டியருகே கீழே பார்க்காமலே டேப்பை மூடுவார். சரியாக அவர் வீட்டு கேட் முன்னால் வண்டி இரண்டு இருமல் இருமி நிற்கும். அதற்குப் பிறகுதான் சாவி. காலையில் உட்கார்ந்ததும் இடது கை தானாகக் கீழே போகும், கைப்பிடியைக் கீழ்ப்பக்கம் தள்ளும், டேப் திறக்கும். உதை.

"ஒரு சொட்டு மிச்சம் வெக்க மாட்டேன் டாக்டரே," என்பார். என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். "என்ன, பேஷண்ட் பிழைப்பானா?" என்று கேட்டுக்கொண்டேதான் பட்டறைக்குள் நுழைவார். வாய் மூடாது. நான் ஒரு நட்டைக் கழற்ற இரண்டு தரம் முயன்றால் போதும், "எலும்பு முறிவு போலிருக்கே, படம் எடுத்துடலாமா?" என்பார். சலூன்காரர் அங்கிருந்தே சிரிப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மாலை, என் பட்டறையிலிருந்து கிளம்பிய எக்ஸ்ரே, ஒரு கிலோமீட்டர் தள்ளி நாலு வழிச் சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டு இறந்தார். மணி ஆறு பத்து.

லாரிக்காரர் போலீஸிடம் சொன்னது இது. "நடு ரோட்டுல வண்டியோட நின்னாரு சார். ஹார்ன் அடிக்கிறேன், அடிக்கிறேன், நிமிரவே இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. சாகணும்னே வந்த ஆளு."

*

போன வாரம் அந்த வண்டி ஒரு சரக்கு ஆட்டோவில் என் பட்டறைக்கு வந்து இறங்கியது. கூடவே அவருடைய மனைவியும்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். எந்தச் சீட்டில் எந்தக் கிறுக்கல் இருந்தாலும் படித்துவிடுவார். அந்தக் கண்ணால் என்னையும் ஒரு நிமிஷம் படித்தார். நான் குனிந்து ஸ்பேனரைத் துடைத்தேன்.

"வாங்கம்மா."

"ஸ்டேஷன்ல இப்பத்தான் குடுத்தாங்க அண்ணே. பின்சக்கரம் போயிடுச்சு. முன்பக்கம் ஒண்ணும் ஆகல. ஓட்டுற மாதிரி பண்ணிக் குடுங்க."

"விக்கப் போறீங்களாம்மா?"

"இல்ல. ஒரு தரம் ஓட்டிப் பாக்கணும். நீங்கதான் ஓட்டணும்."

கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். போலீஸ் எழுதிய அறிக்கையின் நகல். ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. 'பெட்ரோல் டேங்க் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பெட்ரோல் டேப் மூடிய நிலையில் இருந்தது.'

"அவர் எப்படி நிறுத்துவாருன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்," என்றார். குரலில் ஈரமே இல்லை. "தொட்டியிலேருந்து எங்க வீட்டு கேட் வரைக்கும் நடந்து எண்ணினேன். ஆயிரத்து நானூறு காலடி. உங்க கடையிலேருந்து அந்த ரோட்டு நடு வரைக்கும் எண்ணினேன். ஆயிரத்து நானூத்திப் பத்து."

நான் வளைந்துபோன பின்சக்கரத்தைப் பார்த்தேன்.

"கேட்டுல நிறுத்துற மாதிரியே, அளந்து, நடு ரோட்டுல நிறுத்தியிருக்காரு. அன்னைக்குக் காலையில நான் ஒண்ணு சொன்னேன் அண்ணே. பொண்ணு ஸ்கூல் மீட்டிங்குக்கு வர முடியாதுன்னாரு. நீங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு சொல்லிட்டேன். கோவத்துல சொன்னதுதான். ஆனா சொல்லிட்டேன்."

"அம்மா, அது வந்து…"

"பொண்ணு அப்பாங்கிற வார்த்தையையே சொல்றதில்ல. ஒன்பதாவது படிக்குது. 'நம்மளை விட்டுட்டுப் போன ஆளு'ன்னு சொல்லுது. போட்டோவைத் திருப்பி வெச்சிருக்கு. என்னால அதைத் திட்டக்கூட முடியல. நானும் அதைத்தானே நினைக்கிறேன்." காகிதத்தை நாலாக மடித்தார். "நீங்க டேப்பை மூடிட்டு உங்க கடையிலேருந்து ஓட்டுங்க. நான் ரோட்டோரமா நிக்கிறேன். அதே இடத்துல வண்டி நின்னுச்சுன்னா, அவர் முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்பினாருன்னு அர்த்தம். வேற எங்கயாவது நின்னுச்சுன்னா… தெரியல. எனக்கு ஒரு பதில் வேணும். ரெண்டுல ஒண்ணு."

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி எங்கே நிற்கும் என்று எனக்கு ஓட்டிப் பார்க்காமலே தெரியும். சரியாக அதே இடத்தில் நிற்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்குத்தான் தெரியாது.

*

எக்ஸ்ரே இறந்த அன்றைக்குக் காலையில் அந்த வண்டியில் நான் டேப்பை மாற்றினேன். பழையது கசிந்துகொண்டிருந்தது. அந்த மாடலுக்கு உரிய டேப் எங்கும் கிடைக்கவில்லை. வேறொரு கம்பெனி டேப், மரை கச்சிதமாகப் பொருந்தும். ஒரே ஒரு வித்தியாசம், அதில் எல்லாம் தலைகீழ். பழைய டேப்பில் கைப்பிடி கீழே பார்த்தால் திறப்பு, முன்னால் பார்த்தால் மூடல். புதியதில் முன்னால் பார்த்தால் திறப்பு, கீழே பார்த்தால் மூடல்.

அதே டேப்பை அதற்கு முன் ஆறு வண்டிகளுக்குப் போட்டிருக்கிறேன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? டேப் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. திறந்தது திறந்தபடியே கிடக்கும். டேப்பைத் தொடுகிற ஒரே ஆள் எக்ஸ்ரே.

சாயங்காலம் அவர் வந்ததும் கைப்பிடியைத் திறப்பில் வைத்து வண்டியைக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தார். இடது கை தானாகக் கீழே போனது.

அறிக்கையில் 'மூடிய நிலை' என்று எழுதிய போலீஸ்காரர் பொய் சொல்லவில்லை. லாரிக்காரரும் பொய் சொல்லவில்லை. திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மூடிவிட்டுக் கிளம்பிய மனிதர், நடு ரோட்டில் வண்டி நின்றதும் என்ன செய்வார்?

மூன்றாம் நாளே எனக்கு இது உறைத்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போனேன். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வண்டியின் ஹேண்டில் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு மாலைதான் முதல்முறையாக வாசலில் அந்தச் சத்தம் கேட்டது.

*

பின்சக்கரம், செயின் கவர், பின்விளக்கு எல்லாம் வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்தது. பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டேன். பழைய டேப் இன்னும் என் தகர டப்பாவில்தான் கிடந்தது. அதற்கு ஒரு ரப்பர் வாஷர் போட்டால் கசிவு நிற்கும். இதைக் கழற்றி, அதை மாட்டி, ஐந்து நிமிஷம், தலைகீழ் டேப் இருந்த தடயமே இருக்காது. நாளைக்கு அந்த அம்மா முன்னால் ஓட்டிக் காட்டலாம். வண்டி அதே இடத்தில் நிற்கும். எக்ஸ்ரே சாகத்தான் போனார் என்று முடிந்துவிடும். என் பட்டறை பட்டறையாக இருக்கும், என் வீட்டுக்காரி தெருவில் தலைநிமிர்ந்து நடப்பாள், சலூன்காரர் வழக்கம்போலக் கிண்டலடிப்பார். செத்தவர் வந்து சாட்சி சொல்லவா போகிறார்?

டேங்கைக் காலி செய்தேன். வாஷரைத் தேடி எடுத்தேன். எப்படியோ சாயங்காலம் ஆகிவிட்டது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை டேப்பின் நட்டில் மாட்டினேன்.

வண்டி வேகமெடுத்தது. ஓர் இருமல். இன்னோர் இருமல்.

இந்த முறை சத்தம் வாசலிலிருந்து வரவில்லை. என் கைக்கு அடியிலிருந்து வந்தது.

ஸ்பேனர் கீழே விழுந்து உருண்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. டேங்கில் பெட்ரோல் இல்லை. காலையிலிருந்து நான் ஸ்டார்ட் செய்யவே இல்லை. கையை நீட்டி சைலன்சரைத் தொட்டேன்.

சுட்டது.

பாதிக் கதவு வழியாக மேற்கு வெயில் அதன்மேல் விழுந்திருக்கலாம். விழுந்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கு மேல் அந்த ஸ்பேனரைத் தொட என் கை வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குச் சரியாக வந்தார். மருந்துக்கடைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ரெடியா அண்ணே?"

"ரெடிம்மா. பெட்ரோலும் ஊத்திட்டேன். ஓட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க உக்காருங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"ஓட்ட வேண்டாம். சும்மா உக்காருங்க. ஸ்டாண்டு போட்டிருக்கேன், விழாது."

புரியாமல் பார்த்தார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, கணவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்தார். அந்தப் பிடியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"அவர் பின்னாடி எத்தனை வருஷம் உக்காந்து போயிருப்பீங்க?"

"பதினஞ்சு."

"காலையில வண்டியை எடுக்கும்போது அவர் இடது கை எங்க போகும்? கண்ணை மூடிக்கிட்டு அதே மாதிரி செஞ்சு காட்டுங்க."

கண்ணை மூடினார். ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. இடது கை முழங்கால் ஓரமாகக் கீழே போனது, கைப்பிடியைத் தேடிப் பிடித்தது, கீழ்ப்பக்கம் தள்ளியது. 'டிக்' என்று சத்தம்.

"என்ன பண்ணினீங்க?"

"டேப்பைத் திறந்தேன்."

"திறந்தாச்சா?"

"திறந்தாச்சு."

"இப்ப கண்ணைத் திறந்து பாருங்க."

பார்த்தார். டேங்கின் விளிம்பு மறைத்தது. கைப்பிடியில் பொறித்திருக்கும் எழுத்து சிறியது. அதைப் படிக்க ஒரே வழிதான் உண்டு. அவர் தலையைக் குனிந்தார். நன்றாக, முகவாய் நெஞ்சில் படுகிற மாதிரிக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

தெருவில் ஏதோ ஒரு கார் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவர் தோள்கள் திடுக்கிட்டன. அப்போதும் நிமிரவில்லை.

"மூடியிருக்கு," என்றார் கடைசியில். "கீழே தள்ளினா மூடுது."

"ஆமாம்மா. அன்னைக்குக் காலையில நான் மாட்டின டேப். தலைகீழ் டேப்."

"தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாருன்னு…"

"டேப்பைப் பாத்துக்கிட்டிருந்தாரும்மா. வேற ஒண்ணுமில்ல. ஏன் நின்னுச்சுன்னு பாத்திருக்காரு."

அவர் நிமிர்ந்தார். அழவில்லை. ஆனால் எட்டு மாதமாக இறுக்கிக் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துவிட்ட மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது.

"நீங்க அவர்கிட்ட சொல்லலையா? தலைகீழ்னு?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் எட்டு மாதமாகப் பயந்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். வேலை மும்முரத்தில் மறப்பது யாருக்கும் நடப்பதுதான். நாக்கு நுனிவரை வந்தது.

"சொல்லணும்னுதான் நின்னேன். அவர் கை கீழே போனதைப் பாத்தேன். மூடுறாருன்னு தெரிஞ்சுச்சு. வாயைத் திறந்தேன்." எதிரே சலூனைப் பார்த்தேன். "வண்டி எடுக்க வந்ததுலேருந்து என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தாரு. ஒரு கிலோமீட்டர் போய் நிக்கட்டும், தள்ளிக்கிட்டு வரட்டும், 'என்ன எக்ஸ்ரே, பேஷண்ட் படுத்துட்டானா'ன்னு கேக்கலாம்னு… வாயை மூடிக்கிட்டேன். அவர் தள்ளிக்கிட்டு வருவாருன்னு வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேம்மா. சலூன்காரரையும் கூப்பிட்டு வெச்சுக்கிட்டேன். சிரிக்கிறதுக்கு."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் வண்டியிலிருந்து இறங்கி, கைப்பையிலிருந்து பேனாவையும், அந்த அறிக்கை நகலையும் எடுத்தார். பின்பக்கம் வெற்றாக இருந்தது.

"எழுதுங்க."

எழுதினேன். டேப், தலைகீழ், கை கீழே போனது, நான் பார்த்தது, சிரிப்பதற்காகப் பேசாமல் இருந்தது. கடைசி வரியை அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"கண்ணு… அம்மாடா. எங்கயும் போகல, மெக்கானிக் மாமா கடையில இருக்கேன். கேளு. அப்பா நம்மளை விட்டுட்டுப் போகலடா. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தாரு. …ஆமா. வந்து எல்லாம் சொல்றேன். அந்த போட்டோவை மட்டும் இப்பவே திருப்பி வை."

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களை நான் மன்னிக்கிறதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு அதை யோசிக்க முடியாது. ஸ்டேஷனுக்குப் போகணும். இதே வண்டியில."

"நான் ஓட்டட்டுமாம்மா?"

"நீங்கதான் ஓட்டணும்."

*

கைப்பிடியை முன்பக்கம் திருப்பினேன். குனிந்து பார்த்தேன். மறுபடி பார்த்தேன். மூன்றாம் தரமும் பார்த்துவிட்டுத்தான் உதைத்தேன்.

போலீஸ் ஸ்டேஷன் நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம். சாலையின் நடுவே, அந்த இடத்தில், இன்ஜின் ஒரே ஒரு தரம் இருமியது. என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. இன்ஜின் நிற்கவில்லை. கடந்துவிட்டோம்.

ஸ்டேஷன் வாசலில் சாவியில் கையை வைத்தேன்.

"வேண்டாம்," என்றார். "டேப்பை மூடுங்க. அவர் நிறுத்துற மாதிரி நிக்கட்டும்."

மூடினேன். வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம். மூன்று. ஐந்து. காவலுக்கு நின்றவர் எரிச்சலோடு படியிறங்கி வந்தார். "என்னய்யா, வண்டியை நிறுத்த மாட்டியா?"

"நிறுத்தியாச்சு சார். தானா நிக்கும்," என்றார் என் பின்னாலிருந்து அந்த அம்மா.

இன்ஜின் லேசாக வேகமெடுத்தது. ஓர் இருமல். இன்னோர் இருமல். அமைதி. உள்ளே சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து.

காவலர் எங்கள் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"ரெண்டு வண்டிச் சத்தம் கேட்டுச்சே. ஒண்ணு இங்க நின்னுடுச்சு. இன்னொண்ணு எங்க போச்சு?"

நான் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தேன்.

அந்த அம்மா சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி இருக்கிற திசையை ஒரு கணம் பார்த்தார்.

"அது வீட்டுக்குப் போயிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.